சாக்கு போர்த்திய டிரம்ஸ்

சவுண்டு மிக்சர் முன்னால் புதிதாக உட்காரத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளே, உங்களில் நாலைந்து பேர் என்னைப் பார்க்கக் குப்பனூர் வரைக்கும் வந்துவிட்டீர்கள். வருகிற எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "இருபதாவது வளைவு பேண்டைக் கண்டுபிடிச்சது நீங்கதானாமே?" என்று. நானும் காபியைக் கையில் கொடுத்து, வேறு பேச்சுப் பேசி மழுப்பி அனுப்பிவிடுகிறேன். இனி ஒவ்வொருவரிடமும் மழுப்ப எனக்குப் பொறுமை இல்லை. எழுதியே விடுகிறேன். நான் அவர்களைக் கண்டுபிடிக்கவில்லை. அவர்களுடைய முதல் பெரிய மேடையைக் கெடுத்தவன் நான். இன்னொரு மேடையைக் கெடுக்காமல் மயிரிழையில் தப்பித்தேன். ஊரில் என்ன சொல்லிக்கொண்டாலும், நடந்தது அவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இருபதாவது வளைவு என்பது சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் ரோட்டில் கடைசிக் கொண்டை ஊசி வளைவு. அந்தப் பெயரை வைத்துக்கொண்ட நான்கு பேரும் சேலத்தில் ஒரே கல்லூரியில் படித்தார்கள். காலையில் பஸ் பிடித்து மலை இறங்கி, சாயங்காலம் பஸ் பிடித்து மலை ஏறும் பிள்ளைகள். பாட்டும் கிடாரும் எஸ்தர். அவள் அப்பா ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். டிரம்ஸ் கோமதி. தலைச்சோலையில் காபியும் சாமையும் போடுகிற குடும்பம். பாஸ் கிடாரும் கீபோர்டும் கரடியூர் அண்ணன் தம்பி இரண்டு பேர். இத்தனை வருஷப் பழக்கத்தில் அந்த இருவரும் என்னிடம் பேசியது மொத்தமாகப் பத்து வார்த்தை தேறும். அதனால் இந்தக் கட்டுரையிலும் அவர்கள் தனியாக எதுவும் பேச மாட்டார்கள்.

முதல் தடவை அவர்களைப் பார்த்தது சேலத்தில் ஒரு கல்லூரி மைதானத்தில். கல்லூரிகளுக்கு இடையே பேண்டுப் போட்டி. வெயில் மண்டையைப் பிளக்கும் மத்தியான நேரம். சவுண்டு என்னுடையது. ஒரு பேண்டு இறங்கி அடுத்த பேண்டு ஏறுவதற்குள் பத்து நிமிஷம்தான் இடைவெளி. நான் எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த நால்வரும் மேடை ஏறினார்கள். கோமதி ஒரு பையைத் திறந்து காபிக்கொட்டை மூட்டை கட்டும் சாக்குகளை எடுத்தாள். துவைத்து, அளவாக வெட்டி, ஓரம் தைத்த சாக்குகள். அவற்றை ஒவ்வொன்றாக டிரம்ஸ் மேல் போர்த்திக் கயிறு போட்டுக் கட்டினாள். டிரம்ஸ் அடிக்கிற குச்சியும் அவளிடம் இல்லை. கவாத்து வெட்டிப் போட்ட காபிச் செடியின் மெல்லிய கிளைகளைத் தோல் சீவி, பத்துப் பதினைந்தைச் சேர்த்து நூல் சுற்றி இரண்டு கட்டுகளாக வைத்திருந்தாள். பார்ப்பதற்கு ஒட்டடை அடிக்க வந்தவள் மாதிரி இருந்தது.

நான் சிரித்துவிட்டேன். "ஏன் கண்ணு, டிரம்ஸுக்குக் குளிருதா?" என்று மைக்கிலேயே கேட்டேன். மைதானமே சிரித்தது. அவளும் சிரித்தாள். மேடைக்கு ஏறிப் போய், இது மலை இல்லை, மைதானம், சாக்கைப் போட்டால் நாலாவது வரிசைக்குக்கூடக் கேட்காது, எடுத்துவிடு என்றேன். "சரிங்கண்ணா" என்றாள். என் பெட்டியிலிருந்து நல்ல கனமான குச்சி ஒரு ஜோடி கொடுத்தேன். "சரிங்கண்ணா." எஸ்தரிடம், முணுமுணுக்காமல் தொண்டையைத் திறந்து பாடச் சொன்னேன். "சரிங்கண்ணா." அண்ணன் தம்பியிடம் ஆம்ப்ளிஃபயரை ஏற்றி வைக்கச் சொன்னேன். இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள்.

எனக்கோ மனசு குளிர்ந்து போயிற்று. அதற்கு முன்னால் ஏறிய பேண்டுகள் எல்லாம் என்னோடு மல்லுக்கட்டின. அந்த மைக் ஏன், இந்த ஸ்பீக்கர் ஏன் என்று உயிரை எடுத்தார்கள். இந்தப் பிள்ளைகள் எவ்வளவு தங்கமானவர்கள் என்று என் உதவியாளரிடம் சொல்லி முடிப்பதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

கோமதி கனத்த குச்சியால் அடித்த அடி, ஒவ்வொன்றும் ஒரு கணம் பிந்தி விழுந்தது. கைக்குப் பழக்கமில்லாத கனம். அவள் அடித்த சத்தத்தில் எஸ்தருக்குத் தன் குரலே கேட்கவில்லை. கேட்கவில்லை என்றால் பாடுகிறவர்கள் என்ன செய்வார்கள்? கத்துவார்கள். இரண்டாவது பாட்டின் நடுவில் அவள் குரல் இரண்டாக உடைந்தது. மைதானத்தில் விசில் அடித்தார்கள், ஊளையிட்டார்கள். மூன்றாவது பாட்டை அவர்கள் ஆரம்பிக்கவே இல்லை. கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டார்கள்.

இறங்கியவர்கள் நேராக என்னிடம் வந்தார்கள். நான்கு பேரும் வரிசையாக நின்று, "நொம்ப தேங்க்ஸுங்கண்ணா" என்றார்கள். அதில் குத்தல் எதுவும் இல்லை. மனதார நன்றி சொன்னார்கள். நானும் பெரிய மனுஷன் மாதிரி, நல்லா பிராக்டிஸ் பண்ணுங்க சாமி, வந்துரும் என்று முதுகில் தட்டி அனுப்பினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டு மாதம் கழிந்திருக்கும். ஏற்காட்டில் ஒரு சர்ச்சில் ஸ்பீக்கர் இரைகிறது என்று கூப்பிட்டார்கள். சனிக்கிழமை மத்தியானம் போனேன். சர்ச்சுக்குப் பின்னால் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. அதை ஒட்டி ஒரு பழைய ஸ்டோர் ரூம். வேலை முடிந்து டீ குடிக்கும்போது, அங்கிருந்த சிஸ்டர், காலேஜ் பிள்ளைகள் நாலு பேர் அந்த ரூமில் வாசித்துப் பழகுவதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். பங்குத் தந்தை இடம் கொடுத்திருக்கிறார், ஒரே ஒரு நிபந்தனையோடு. முதியோர் மத்தியானம் தூங்கும் நேரம், அவர்களை எழுப்பக் கூடாது. பிள்ளைகளுக்கோ அந்த நேரத்தை விட்டால் வேறு நேரம் இல்லை.

யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. "சத்தமே காணோமே சிஸ்டர், போயிட்டாங்களா?" என்றேன்.

"வாசிச்சுட்டுத்தானுங்க இருக்காங்க. கொஞ்சம் பக்கத்துல போய் நின்னு பாருங்க" என்றார்.

போனேன். கதவு பாதி திறந்திருந்தது. பனி உள்ளே வந்துவிடுமே என்ற கவலைகூட இல்லாமல் ஜன்னலைத் திறந்துபோட்டு வாசித்துக்கொண்டிருந்தார்கள். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அது ராக் இசைதான். மைதானத்தில் வாசித்த அதே பாட்டுதான். அதே கோபம், அதே வேகம். கோமதியின் கைகள் ஆளையே தூக்கிப் போடுகிற மாதிரி பறந்தன. ஆனால் சாக்கின் மேல் காபிக் குச்சிக் கட்டு விழும்போது, பக்கத்து அறையில் யாரோ அவசரமாக நடப்பது போலத்தான் கேட்டது. எஸ்தர் யார் காதுக்குள்ளோ கிசுகிசுத்தே சண்டை போடுகிறவள் மாதிரி பாடினாள். வெளியே சில்வர் ஓக் மரத்திலிருந்து தண்ணீர் சொட்டுவது எனக்குக் கேட்டது. பாட்டும் கேட்டது. இரண்டும் ஒன்றையொன்று மறைக்கவில்லை.

அவ்வளவு வருஷம் இந்தத் தொழிலில் இருந்தும், கேட்பதற்காக மூச்சை அடக்கிக்கொண்டு நான் நின்றது அன்றைக்குத்தான். சத்தம் என்றால் ஏற்றுவது என்று மட்டும் நினைத்துக்கொண்டு பிழைப்பை ஓட்டியிருக்கிறேன். இந்தப் பிள்ளைகள் யாரும் சொல்லித்தராமல், நாலு கிழவர்களை எழுப்பக் கூடாது என்ற பயத்திலேயே இப்படி ஒன்றைச் செய்துவிட்டார்கள். சொல்ல என்ன வெட்கம், கண்ணும் கலங்கியது.

சிஸ்டர் பின்னாலேயே வந்து நின்றார். பெரியவர்கள் எல்லாம் நன்றாகத் தூங்குகிறார்களா என்று கிசுகிசுத்தேன்.

"தூங்கறதாவதுங்க. சாப்பிட்டதும் எல்லாரும் கட்டிலை ஜன்னல் பக்கமாத் திருப்பிப் போட்டுக்கறாங்க. இந்தப் பிள்ளைங்ககிட்டச் சொல்லிறாதீங்க. முழிச்சிருக்காங்கன்னு தெரிஞ்சா ஓங்கி அடிக்க ஆரம்பிச்சிருவாங்க" என்றார்.

பாட்டு முடிந்ததும் உள்ளே போனேன். நால்வரும் எழுந்து நின்றுவிட்டார்கள். மைதானத்தில் சாக்கை எடுக்கச் சொன்னபோது ஏன் வேண்டாம் என்று சொல்லவில்லை என்று கோமதியிடம் கேட்டேன். அவள் மற்றவர்கள் முகத்தைப் பார்த்தாள்.

"பெரியவங்க நம்ம நல்லதுக்குத்தான் சொல்றீங்க. மூஞ்சிக்கு நேரா எப்படிங்கண்ணா வேண்டாம்னு சொல்றது?" என்றாள்.

நான் இந்த ஊர்க்காரன். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் மரியாதை அப்படித்தான் வளர்க்கப்படுகிறது. விருந்துக்குப் போன வீட்டில் உப்புப் போடாத குழம்பை ஊற்றினாலும் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டு எழுகிற ஜனம் நாங்கள். அந்த மரியாதையை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு அந்த நாலு பேரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் பதறிப்போய், ஐயோ அப்படியெல்லாம் சொல்லாதீங்கண்ணா என்றார்கள். அப்போதும் ஒருவரும் ஆமாம், உங்களால்தான் கெட்டது என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு என் வேலை முறையே மாறியது. 'இப்படி வைக்கட்டுமா?' என்று கேட்பதை விட்டேன். அப்படிக் கேட்டால் சரி என்றுதான் பதில் வரும். 'உங்களுக்கு எப்படி வேணும்?' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வேன். பதில் வரத் தாமதமாகும். அரை நிமிஷம்கூட ஆகும். அந்த அரை நிமிஷத்தை நீங்கள் இட்டு நிரப்பாமல் இருக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

அந்த ஸ்டோர் ரூமில் அண்ணன் தம்பியில் ஒருவன் போனிலேயே ஒரு பாட்டைப் பதிவு செய்து இணையத்தில் போட்டான். எப்படிப் பரவியது என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒருநாள் குப்பனூர் பஸ்ஸில் டிரைவர் அந்தப் பாட்டைப் போட்டார். கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டு விசிலைக் கையில் பிடித்தபடி பாட்டு முடியும் வரை நின்றார். அவருக்கு ராக் என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

பிறகு கோயம்புத்தூர், பெங்களூரு, கொச்சி. ஒரு படத்திலும் பாடினார்கள். எல்லா ஊருக்கும் நானே சவுண்டுக்குப் போனேன். எவ்வளவு பெரிய அரங்காக இருந்தாலும் முதல் பாட்டில் ஜனங்கள் நாற்காலியில் முன்னால் சாய்வார்கள். அதைப் பார்ப்பதற்காகவே நான் மிக்சரிலிருந்து தலையைத் தூக்குவேன். சாக்கும் குச்சிக் கட்டும் அவர்களோடு எல்லா ஊருக்கும் வந்தன. படிப்பை முடித்தார்கள், பெரிய ஆட்கள் ஆனார்கள். ஆனால் 'சரிங்க' மட்டும் மாறவே இல்லை. பத்திரிகைக்காரர் கேட்டாலும் சரிங்க, ஹோட்டல்காரர் அறை மாற்றினாலும் சரிங்க.

சென்னைக் கதைக்குப் போவதற்கு முன்னால் ஓர் அசிங்கத்தைச் சொல்லியாக வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மெல்லிசைக் குழுவுக்கு மிக்சர் பார்த்தேன். அதில் ஒரு பாடகர் என்னை ஏதோ ஒருமையில் பேசிவிட்டார். அன்றைக்கு அவர் பாடும்போது அவருடைய மைக் சத்தத்தை இம்மியளவு, ஒரே ஓர் இம்மியளவு, இறக்கி வைத்தேன். அவர் நன்றாகத்தான் பாடினார். கேட்டவர்களுக்கு மட்டும் என்னமோ இன்றைக்கு ஆள் டல் என்று தோன்றியது. யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். என் முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. அவர் திட்டவில்லை. மிக்சரிலிருந்து என்னை எழுப்பி ஆறு மாதம் ஒயர் சுற்ற விட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "கேக்கறவங்களுக்குத் தெரியாதுடா. அதனாலதான் செய்யக் கூடாது" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

இப்போது சென்னை. பெரிய இசை நிறுவனம் ஒன்று இவர்களை எடுத்துக்கொண்டது. திறந்த மைதானத்தில் நிகழ்ச்சி, டிவியில் நேரடி ஒளிபரப்பு. அதற்குமுன் அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு அவர்களும் வாசித்ததில்லை, நானும் மிக்சர் பார்த்ததில்லை. நிறுவனத்தின் சார்பில் பொறுப்பாக இருந்தவர் கெட்ட மனிதர் இல்லை. இந்தப் பிள்ளைகள் மேலே வர வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்பட்டவர். மைதானத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார். இந்தக் கூட்டத்துக்குச் சாக்கு போட்ட டிரம்ஸ் எடுபடாது என்று, முந்தின நாளே சென்னையில் பேர் பெற்ற ஒரு டிரம்மரைப் பேசி வைத்துவிட்டார். கோமதி பக்கத்தில் நின்று கஞ்சிரா தட்டலாம் என்று ஏற்பாடு. அது சரியாக வந்தால் அடுத்து வரும் எல்லா நிகழ்ச்சிக்கும் அதே ஏற்பாடுதான். நாலு பேரிடமும் எடுத்துச் சொன்னாராம். நாலு பேரும் சரிங்க சார் என்றார்களாம். இதை எனக்கு மறுநாள் காலை சவுண்டு சோதிக்கும்போதுதான் சொன்னார்கள்.

கோமதி மேடை ஓரத்தில் கஞ்சிராவை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் பை, திறக்காமல், காலடியில் இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தச் சென்னைத் தம்பி டிரம்ஸில் உட்கார்ந்தார். அவருடைய சத்தம் முழுக்க என் விரல் நுனியில் இருந்தது. பிள்ளைகளே, ஒளிக்காமல் சொல்கிறேன். இரண்டு குமிழைக் கொஞ்சம் திருகியிருந்தால் போதும், அவருடைய டிரம்ஸ் தகர டப்பா மாதிரி கேட்டிருக்கும். நிறுவனத்துக்காரர் முகம் சுளித்திருப்பார். கோமதி மறுபடியும் டிரம்ஸில் உட்கார்ந்திருப்பாள். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. என் கை அந்தக் குமிழ் மேல் போய் நின்றது. நல்ல காரியத்துக்குத்தானே என்று மனசு நியாயமும் பேசியது.

கையை எடுத்தேன். எடுத்து, என் வாழ்க்கையில் யாருக்கும் வைக்காத அளவு நன்றாக அவருக்குச் சவுண்டு வைத்தேன். அருமையாக இருந்தது. அதுதான் கொடுமை. மைதானமே அதிர்ந்தது. நிறுவனத்துக்காரர் ஓடி வந்து என் தோளைக் கட்டிக்கொண்டார். எஸ்தர் பாடினாள். குரல் நன்றாகத்தான் வந்தது. ஆனால் அவள் பாடிய பாட்டு யார் வேண்டுமானாலும் பாடக்கூடிய பாட்டாக ஆகிவிட்டது. அது எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கும் என்று பட்டது. ஆனால் அவள் சொல்ல மாட்டாள்.

மிக்சரிலிருந்து மேடைக்குப் பேச ஒரு மைக் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். அதை எடுத்தேன். எனக்கு என்ன உரிமை, நான் சவுண்டுக்காரன் என்ற யோசனை வந்தது. ஆனால் இந்த ஒரு கேள்வியைக் கேட்பதுதான் என் வேலை என்றும் தோன்றியது.

"எஸ்தர் கண்ணு, உன் குரலைப் பத்திக் கேக்கல. டிரம்ஸ் உங்களுக்கு எப்படி வேணும்?"

நிறுவனத்துக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். சாரத்தில் விளக்குக் கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கீழே பார்த்தார்கள். அரை நிமிஷத்துக்கு மேலேயே ஆகியிருக்கும். எஸ்தர் கோமதியைப் பார்த்தாள். கோமதி கஞ்சிராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எஸ்தர் மைக்கில்தான் பேசினாள். மைதானம் முழுக்கக் கேட்டது. "எங்களுக்குக் கோமதிதானுங்கண்ணா வேணும்." அப்புறம் நிறுவனத்துக்காரர் பக்கம் திரும்பினாள். "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தண்ணன் நொம்ப நல்லா வாசிக்கறாருங்க. ஆனா வேண்டாமுங்க."

அந்தப் பெண்ணை எனக்கு ஆறு வருஷமாகத் தெரியும். அவள் வாயிலிருந்து வேண்டாம் என்ற வார்த்தை வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அதற்கு அவளுக்கு எவ்வளவு தெம்பு வேண்டியிருந்தது என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் புரியும். கோமதி தலையைத் தூக்கவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது.

நிறுவனத்துக்காரர் மிக்சருக்கு வந்தார். கோபத்தில் கத்தவில்லை. தாழ்ந்த குரலில்தான் பேசினார். நேரடி ஒளிபரப்பு, இது விழுந்தால் பிள்ளைகளோடு சேர்ந்து எல்லோரும் விழுவோம் என்றார். "ஒரே ஒரு பாட்டு தர்றேன். முதல் பாட்டு நிக்கலைன்னா ரெண்டாவது பாட்டுக்கு இவர் உக்காருவார். அதுக்கு மேல பேச்சு இல்லை" என்றார். சென்னைத் தம்பியை மேடைக்கு ஓடத் தோதாக என் பக்கத்திலேயே நிற்கச் சொன்னார். அந்தத் தம்பி முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வரச் சொன்னது இவர்கள், வேண்டாம் என்றதும் இவர்கள்.

சாயங்காலம் வெயில் தணிந்ததும் ஆரம்பித்தோம். கண்ணுக்கு எட்டிய தூரம் தலைகள். கோமதி சாக்கைப் போர்த்திக் கட்டுவதைப் பெரிய திரையில் காட்டினார்கள். கூட்டத்தில் ஒரு பகுதி கைதட்டியது, ஒரு பகுதி சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள். கேட்கவில்லை. கூட்டத்தின் இரைச்சலில் அவள் கை ஆடுவது தெரிந்ததே தவிர, ஒன்றும் கேட்கவில்லை.

"ஏத்துங்க" என்றார் நிறுவனத்துக்காரர் என் காதில். சென்னைத் தம்பி குச்சிகளைக் கையில் எடுத்துக்கொண்டார்.

ஏற்றினால் கேட்கும். ஆனால் நான் ஏற்ற ஏற்றக் கூட்டமும் குரலை ஏற்றும். அந்தப் போட்டியில் சாக்கு ஜெயிக்காது. சேலத்து மைதானம்தான் மறுபடியும் நடக்கும். தப்பாகப் போனால் அந்தப் பெண் கஞ்சிராவோடு ஓரத்தில் நிற்பாள், அதற்குக் காரணம் நான் என்று ஆகும். ஏற்றவில்லை. சத்தத்தை ஒரு கோடு இறக்கினேன். என்ன செய்கிறீர்கள் என்று அவர் என் கையைப் பிடித்தார். நான் இன்னும் ஒரு கோடு இறக்கினேன்.

முன்வரிசைதான் முதலில் அடங்கியது. பாட்டு கேட்கவில்லை என்று அவர்கள் பின்னால் திரும்பி, பேசாமல் இருங்கள் என்று சைகை காட்டினார்கள். அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் தங்களுக்குப் பின்னால் திரும்பினார்கள். அமைதி அப்படியே வரிசை வரிசையாகப் பின்னோக்கி நடந்து போனதை என் கண்ணால் பார்த்தேன். கைதட்டல் பரவுவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மௌனம் பரவியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அது கடைசி வரிசையைத் தொட்டபோது எஸ்தர் பாட வாயைத் திறந்தாள். யாரோ எங்கோ இருமியது கேட்டது. அவ்வளவு பெரிய மைதானம், அந்த ஸ்டோர் ரூம் அளவுக்குச் சின்னதாகிவிட்டது. என் கையைப் பிடித்திருந்த கை எப்போது விட்டது என்று எனக்குத் தெரியாது.

பாட்டின் கடைசியில் ஒரு திருப்பம் வரும். வேகம் ஏறி ஏறி உச்சிக்குப் போகிற இடம். வேறு எந்த பேண்டாக இருந்தாலும் அங்கே இடி இடிக்கிற மாதிரி ஓர் அடி விழும். கோமதி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள். அப்படியே நிறுத்திக்கொண்டாள். அடிக்கவில்லை. மைதானம் மொத்தமும் ஒரே ஆளாக மூச்சை இழுத்தது. அடுத்த அடியில் எஸ்தர் மெதுவாக உள்ளே வந்தாள், பாட்டு முடிந்தது. அதன்பிறகு எழுந்த சத்தத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. டிவியில் பார்த்திருப்பீர்கள்.

நிறுவனத்துக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டாவது பாட்டுக்கு மேடையில் தயாரானார்கள். நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். சென்னைத் தம்பி, யாரும் சொல்லாமலே, குச்சிகளைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. ஒயர்ப் பெட்டி மேல் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். கண்ணை மேடையை விட்டு எடுக்காமல் என்னிடம் முதல் தடவையாகப் பேசினார்.

"சார், அவங்க அந்த எடத்துல அடிக்கவே இல்ல. எனக்கு எப்படி சார் கேட்டுச்சு?"

எனக்கும் கேட்டது. அதை அவரிடம் சொன்னேன். அதற்குள் இரண்டாவது பாட்டு ஆரம்பித்துவிட்டது. இரண்டு பேரும் கேட்டோம்.